மாமாவின் தோல் ஜாக்கெட்: சாலைக்கு உரியதா, மேடைக்கு உரியதா?

சாட்ஸ்வொர்த்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு காலமான எங்கள் தாய்மாமாவின் வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, கராஜ் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒரு கறுப்புத் தோல் ஜாக்கெட் அகப்பட்டது. (எங்கள் வீட்டில் ஜாக்கெட் என்றால் ஆயாவின் ரவிக்கைதான் முதலில் நினைவுக்கு வரும், ஆகவே ‘தோல்’ என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.) மாட்டுத்தோல் என்பதால் பூசை அறை உள்ள வீட்டுக்குள் அதைக் கொண்டுவர ஆயா ஒருபோதும் இசையவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் மாமாவே அதைத் தொடமாட்டார் என்று அம்மா சொல்கிறார்.

அதன் முன்புற ஜிப் நேராக இல்லாமல், இடுப்பிலிருந்து தோளை நோக்கிச் சாய்வாக ஏறுகிறது. தோள்களிலும் முதுகின் மேற்பகுதியிலும் உலோகக் குமிழ்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. இரு கைகளின் பின்புறத்திலும் ஒரு சாண் நீளத் தோல் குஞ்சங்கள் தொங்குகின்றன. மாமா 1980களில் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் மொபெனியில் இருந்த தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தார். ஆனால் அதே கராஜில், ஒரு செருப்புப் பெட்டி நிறைய ஜூடஸ் பிரீஸ்ட், மாட்லி க்ரூ, பாய்சன் ஆகிய மெட்டல் ராக் இசைக்குழுக்களின் கசெட்டுகளும் இருந்தன.

குடும்பப் பொருள்களை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த ஜாக்கெட்டுக்கு என்ன எழுதுவது? இது வண்டி ஓட்டியவரின் உடையா, பாட்டுக் கேட்டவரின் உடையா? தலைமுடியை உப்பவைத்து, உதட்டுச்சாயம் பூசி, இறுக்கமான பளபளப்புக் காற்சட்டையில் ஆடிப்பாடிய கிளாம் மெட்டல் குழுவினருக்கும், எண்ணெய்க் கறையோடு திரிந்த மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் ஒரே உடை எப்படிப் பொதுவாயிற்று என்பது எனக்கு விளங்கவில்லை.

பழைய சங்கிலி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தம்பி, நாற்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவன் என்ற முறையில் ஜாக்கெட்டின் அமைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த இசையைப் பற்றியும் எனக்குக் கருத்து உண்டு, ஆனால் அது நல்ல கருத்து அன்று.

நீங்கள் விவரிக்கும் சாய்வு ஜிப், 1928இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் வடிவமைத்த ‘பெர்ஃபெக்டோ’ ஜாக்கெட்டின் வழிவந்தது. தமக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அவர் அதற்கு வைத்தார். லாங் ஐலண்டில் இருந்த ஒரு ஹார்லி டேவிட்சன் விற்பனையாளரிடம் அது ஐந்தரை டாலருக்கு விற்பனையாயிற்று. பார்வைக்கு அலங்காரமாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வேலை உண்டு. ஓட்டுபவர் ஹாண்டில்பாரை நோக்கிக் குனியும்போது நேரான ஜிப் வயிற்றில் மடங்கிக் குத்தும். சாய்ந்த ஜிப் குத்தாது என்பதோடு, தோலின் ஒரு பக்கம் மற்றதன்மேல் அகலமாகப் படிவதால் நெஞ்சில் காற்றும் புகாது. காலர் முனைகளில் பிரஸ் பட்டன் வைத்திருப்பது, வேகத்தில் அவை படபடத்துக் கழுத்திலும் கன்னத்திலும் அறையாமல் இருப்பதற்காக. மணிக்கட்டில் உள்ள ஜிப், கையுறையின்மேல் சட்டைக்கையை இறுக்கிக்கொள்ள உதவுகிறது. தோளுக்குப் பின்னால் ஒரு மடிப்பு இருந்தால், கைகளை முன்னே நீட்டும்போது அது விரிந்துகொடுக்கும். டர்பனின் புழுக்கத்தில் இதன் அருமை தெரியாது. ஜூலை மாத விடியற்காலையில் வான் ரீனன் கணவாய் ஏறி ஃப்ரீ ஸ்டேட் மேட்டுநிலத்தை எட்டுகிறவனுக்குத்தான் அந்த ஓரங்குல மடிப்பின் மதிப்புத் தெரியும்.

குமிழைக் கண்டவுடனே மேடை உடை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1950களிலும் 1960களிலும் லண்டனின் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய ராக்கர் இளைஞர்கள் தங்கள் ஜாக்கெட்டுகளில் குமிழ்களையும் பேட்ஜ்களையும் தாமே பதித்துக்கொண்டார்கள். அவர்கள் நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொடத் துடித்தவர்கள். ஆகவே, குமிழ் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கத்தின் கீழ்ப்பகுதியில் குமிழோ, இடுப்புவாரில் பெரிய பக்கிளோ இருந்தால், குனியும்போதெல்லாம் அது பெட்ரோல் டாங்கின் பெயிண்டைக் கீறும். வண்டியை நேசிக்கிறவன் அதை அப்படியே விட்டுவைக்க மாட்டான். தோலின் கனத்தையும் பாருங்கள். விழுந்து தார்ச்சாலையில் உரசினாலும் தாங்கும்படி தைத்த தோல் பெரும்பாலும் 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாது. அழகுக்காகத் தைத்தது கையில் பிடித்தாலே துணிபோல் குழையும்.

குஞ்சம் மட்டும் எனக்குப் புரியாத விஷயம். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் குதிரைக்காரர்களிடமிருந்து வந்த மோகம் அது. ஹார்லி ஓட்டுபவர்களில் பலர் அதை விரும்பி அணிகிறார்கள். வேகத்தில் போகும்போது அது சாட்டையைப் போல் கையில் அடிக்கும். மேடைக்காரர்கள் நம் உடையை எடுத்து, அதிலிருந்த வேலையைக் கழற்றிவிட்டு, மினுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பதே என் எண்ணம்.

லெனேசியா ரசிகன்:

சங்கிலி ஐயா சொன்ன அமைப்பு விவரங்களில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ‘மேடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்’ என்பது கதையை மிகவும் சுருக்கிவிடுகிறது. அந்த ஜாக்கெட் சாலையிலிருந்து நேரே மேடைக்கு ஏறவில்லை. நடுவில் சில வீடுகளில் தங்கித்தான் வந்தது.

முதல் வீடு சினிமா. 1947இல் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடி நடத்திய அமளியைத் தழுவி, மார்லன் பிராண்டோ நடித்த ஒரு படம் 1953இல் வெளிவந்தது. அதில் அவர் ஓட்டியது டிரையம்ப் வண்டி, அணிந்தது இதே சாய்வு ஜிப் ஜாக்கெட். வாழ்நாளில் வண்டியில் ஏறாதவனும் அந்த ஜாக்கெட்டை அணிந்தால் அடங்காதவனாகத் தெரியலாம் என்ற நிலை அப்படத்துக்குப் பிறகுதான் உண்டாயிற்று.

இரண்டாவது வீட்டைப் பற்றி நம்மவர்கள் பேசத் தயங்குவார்கள், ஆனால் அதை விட்டுவிட்டால் கதை அறுந்துபோகும். 1954இல் லாஸ் ஏஞ்சலஸில், ஆண்களை நேசிக்கும் ஆண்கள் தங்களுக்கென ‘சாட்டர்ஸ்’ என்ற மோட்டார் சைக்கிள் மன்றத்தைத் தொடங்கினார்கள். அத்தகைய மன்றங்களைச் சுற்றி, தோல், சங்கிலி, குமிழ், தொப்பி ஆகியவை சேர்ந்த ஓர் உடை மரபு பல நகரங்களில் வளர்ந்தது. அதற்கெனத் தனிக் கடைகளும் தோன்றின. ஜூடஸ் பிரீஸ்ட் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபர்ட் 1978 வாக்கில் தம் மேடை உடையை லண்டனில் இருந்த அப்படிப்பட்ட ஒரு கடையிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். பிறகு ஹார்லி டேவிட்சன் வண்டியையே மேடைக்கு ஓட்டிவந்தார். தாம் ஆண்களை நேசிப்பவர் என்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னது 1998இல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உலகெங்கும் ஹெவி மெட்டல் ரசிகர்கள், எங்கிருந்து வந்தது என்று அறியாமலேயே, அவ்வுடையைத் தங்கள் சீருடையாக்கிக்கொண்டிருந்தார்கள்.

உதட்டுச்சாயமும் உயர்குதிகால் காலணியும் வேறு ஊற்றிலிருந்து வந்தவை. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கிளாம் ராக் பாடகர்களும், நியூயார்க் டால்ஸ் குழுவினரும் அவற்றை அணிந்தார்கள். 1980களில் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் தெருவில் இருந்த இசை விடுதிகளில் இந்த இரண்டு ஊற்றும் கலந்ததுதான் கிளாம் மெட்டல். இக்கலவை ஒருபோதும் ஒரே விகிதத்தில் நிற்கவில்லை. மாட்லி க்ரூவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983இல் அவர்கள் குமிழும் தோலும் அணிந்து, உலகம் அழிந்த பிறகு பாலைவனத்தில் திரியும் வண்டிக் கும்பலைப் போலத் தோன்றினார்கள். 1985இல் லேஸ், ஸ்பாண்டெக்ஸ், முகப்பூச்சு என்று மாறினார்கள். 1987இல் வந்த இசைத்தொகுப்பின் உறையில் மீண்டும் தோல் உடையில், ஹார்லி வண்டிகளோடு நின்றார்கள். அதன் தலைப்புப் பாடலே வண்டி உறுமும் ஓசையோடுதான் தொடங்குகிறது. என் கணிப்பில், அந்தத் தெருவில் எல்லாருமே முகப்பூச்சுக்கு வந்துவிட்ட பிறகு, ‘நாங்கள் மென்மையானவர்கள் அல்லர்’ என்று காட்டிக்கொள்ள அவர்களுக்கு மோட்டார் சைக்கிளைவிடக் கைக்கெட்டிய பொருள் வேறு இல்லை. சங்கிலி ஐயா மினுக்கம் என்று தள்ளுவது, அவர்கள் முகப்பூச்சைக் கழுவுவதற்குப் பயன்படுத்திய சவுக்காரம்!

நம் நாட்டு நிலைமையையும் சேர்த்து நினைக்க வேண்டும். 1980 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தென்னாப்பிரிக்காவைக் கலைத்துறையில் புறக்கணிக்குமாறு கேட்டுக்கொண்டது; அதற்கு நியாயமும் இருந்தது. ஆகவே அந்தத் தலைமுறை இந்தக் குழுக்களை உறைகளிலும் பத்திரிகைப் படங்களிலும்தான் பெரும்பாலும் பார்த்தது. உறையில் ஓசை கேட்காது. தெரிவது உடை மட்டுமே. சாட்ஸ்வொர்த்தில் ஹார்லி வாங்கும் வசதி யாருக்கு இருந்தது? இருந்த ஜப்பானிய வண்டியோடு, உறையில் பார்த்ததைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே உங்கள் மாமாவை ‘இதுவா அதுவா’ என்று பிரிப்பதே சரியா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

ஃபீனிக்ஸ் தையல்காரி:

நான் டர்பன் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் எந்திரத்தில் அமர்ந்திருந்தவள். தம்பி, வெளிப்பக்கத்தை விட்டு உட்பக்கத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் பதித்த குமிழ் ஒரே அழுத்தத்தில் வட்டமாகப் பிடித்திருக்கும். வீட்டில் பதித்ததாக இருந்தால் ஒவ்வொரு குமிழின் கால்களும் கத்திமுனையாலோ கரண்டிக் காம்பாலோ மடக்கப்பட்டு, ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாகக் கிடக்கும். இன்னொன்று: துணியில் ஊசித் துளை நாளடைவில் மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. எதையாவது பதித்துப் பிறகு பிடுங்கியிருந்தால் அந்தத் துளைகள் இன்றும் இருக்கும்.

சாட்ஸ்வொர்த்வாசி:

அக்கா, ஐயா, இருவர் சொன்னபடியும் நேற்று மாலை கராஜ் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். லைனிங் தோள் பக்கத்தில் கிழிந்திருந்ததால் உள்ளே பார்ப்பது எளிதாக இருந்தது. குமிழ்களின் கால்கள் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. எல்லாமே கையால் மடக்கியவை. முன்பக்கத்தின் கீழ்ப்பகுதியில், ஜிப்பின் இரு புறமும், இரண்டிரண்டாகத் துளைகள் வரிசையாக ஓடுகின்றன. அங்கேயும் குமிழ் பதித்துவிட்டுப் பிறகு பிடுங்கியிருக்கிறார். இடுப்புவாரின் பக்கிள்மீது சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு சுற்றப்பட்டுக் கறுப்பு நூலால் கட்டப்பட்டிருக்கிறது. இத்தனை நாளும் அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

குஞ்சங்கள் ஜாக்கெட்டோடு வந்தவை அல்ல. தையல் நூல் வேறு நிறம், தோலும் மெல்லியது. இடக்கையில் அவை மணிக்கட்டு வரை முழுதாக இருக்கின்றன; வலக்கையில் மணிக்கட்டை ஒட்டி நான்கு விரற்கடை அளவுக்குக் கத்தரித்திருக்கிறார்.

பழைய சங்கிலி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

ஆக்ஸிலரேட்டர் இருப்பது வலக்கையில்தான், தம்பி. குஞ்சம் அதில் சிக்கியிருக்கும், அல்லது சிக்கிவிடும் என்று பயந்திருப்பார். ரசிகன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். உறையைப் பார்த்து ஒட்டியிருக்கிறார், சாலை சொன்னதைக் கேட்டு வெட்டியிருக்கிறார். அட்டையில் குஞ்சத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

ஃபீனிக்ஸ் தையல்காரி:

பூஞ்சணம் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். கண்ணாடிப் பெட்டியை முழுவதும் மூடிவிடாமல் பின்பக்கம் இரண்டு காற்றுத் துளைகள் விடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு மூடிய பெட்டி ஆகாது. அந்த ரப்பர்த் துண்டை அவிழ்க்க வேண்டாம்.