துணி எடுக்கப் போவதாகப் பொய் சொல்லி வைத்திருக்கிறேன், என்ன செய்யலாம்?

பெர்ஜுந்தை தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் மலேசியாவில், சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-லேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனால் தோட்டத்திலிருந்து ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. வயது 47, சின்னதாக ஒரு தையல் கடை. மகள் நான்காம் படிவம். அம்மாவுக்கு 71. பால்மரம் வெட்டி, அப்புறம் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி எங்களை ஆளாக்கியவர்.

நான் பி.டி.எஸ். என்கிற கொரியப் பாட்டுக் குழுவின் ரசிகை. மகளால் வந்த வினை. 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடையை மூடியபோது வீட்டில் உட்கார்ந்து முகக்கவசம் தைத்தேன். பக்கத்தில் அவள் கைப்பேசியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் எரிச்சல். மூன்றாவது வாரம் எந்தக் குரல் யாருடையது என்று எனக்கே அத்துப்படி. கொரியாவிலும் பிள்ளைகள் அப்பாவை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று கேட்ட அன்றைக்குச் சிரித்துக்கொண்டே தைத்ததில் ஒரு கவசத்துக்கு மூன்று காது நாடா வைத்துவிட்டேன்.

போன மாதம் தங்கச்சி வீட்டில் காதுகுத்து. மகளின் பையில் தொங்கிய படத்தைப் பார்த்துத் தங்கச்சி வீட்டுக்காரர், “யாரு இது, எங்க மாப்பிள்ளையா? உதட்டுச் சாயம்லாம் போட்டிருக்காரு” என்றார். பந்தலே சிரித்தது. பிள்ளை தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதோடு விட்டார்களா? ஒரு பெரியம்மா என் பக்கம் திரும்பி, “அது அறியாத வயசு. உனக்கு என்னடி, வீட்ல வேலை இல்லையா?” என்றார். ஆக, 16 வயதில் கேட்டால் பையன் பித்து, 47-ல் கேட்டால் வேலை வெட்டி இல்லாதவள்.

அந்த மனிதர் விடியற்காலை மூன்று மணிக்கு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து மேன்செஸ்டர் பந்து பார்ப்பவர். தோற்றால் மறுநாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, போட்டுவிடுவார். தொப்பை விழுந்து அந்தச் சிவப்பு ஜெர்சி பிடிக்காமல் போனபோது, பக்கத் தையலைப் பிரித்து, அதே சிவப்பில் துணி தேடி இரண்டு பக்கமும் பட்டை வைத்துக் கொடுத்தவள் நான்தான். கூலிகூட வாங்கவில்லை. அவரை யாரும் பைத்தியம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது விஷயம் இதுதான். செப்டம்பர் 12 பி.டி.எஸ். குழுத் தலைவர் ஆர்.எம். பிறந்தநாள், சனிக்கிழமை. கோலாலம்பூரில் ஒரு காப்பிக் கடையில் ரசிகைகள் கூடிக் கொண்டாடுகிறார்கள். குவளைக்கு அவர் படம் போட்ட காகித உறை கொடுப்பார்கள், அவ்வளவுதான். மகளோடு நானும் போகிறேன். அம்மாவிடமும் பக்கத்துக் கடையிலும் மஸ்ஜித் இந்தியாவுக்குத் தீபாவளித் துணி எடுக்கப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. “நீயே ஒளிஞ்சு போனா அவங்க சொன்னது சரின்னு ஆயிடும்மா” என்கிறாள் மகள். உண்மையைச் சொல்லிவிட்டுப் போவதா, இல்லை நாலு மீட்டர் துணியும் வாங்கி வந்து பொய்யை மெய்யாக்கிவிடுவதா?

ஈஜோக் லோரிக்காரன்:

தங்கச்சி, பாட்டு கேட்பதில் தப்பே இல்லை லா. ஆனால் வியாபாரத்தையும் பாருங்கள். ஒரே பாட்டுத் தட்டை நாலு விதமான அட்டையில் விற்கிறார்கள். உள்ளே யார் படம் வரும் என்று தெரியாது. என் மகள் மூன்று வாங்கினாள், மூன்றிலும் ஒரே முகம். நான் ஒரு நடை லோரி ஓட்டினால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் வாங்கினாள். சிரிப்பதற்குப் பதில் இதைக் கேட்டிருந்தால் உங்கள் தங்கச்சி வீட்டுக்காரர் நியாயமான மனிதர் என்றிருப்பேன்.

ஓய்வுபெற்ற தாதி, கிள்ளான்:

14 ஏப்ரல் 1986. கோலாலம்பூர் சௌகிட்டில் மலாய்ப் பாடகர் சுடிர்மான் நடுத்தெருவில் மேடை போட்டுப் பாடினார். ஒரு லட்சம் பேர் என்றார்கள். நான் அப்போது தாதிப் பயிற்சியில் இருந்தேன், நாலு பேர் விடுதியில் சொல்லாமல் போனோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்ற ஆளின் முதுகும், தூரத்தில் வெளிச்சமும், அந்தக் குரலும்தான். மறுநாள் மேட்ரன் எங்களை வரிசையில் நிறுத்தி, “கல்யாணம் ஆகாத பெண்கள் ஆம்பளைக் கூட்டத்தில் என்ன தேடிப் போனீர்கள்?” என்று கேட்டார். பாட்டுக் கேட்க என்று சொன்னோம், நம்பவில்லை. இப்போது காரில் அதே பாட்டைப் போட்டால் பேரன் காதைப் பொத்துகிறான்.

உங்கள் அம்மாவிடம் பொய் சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்த வயதுக்காரர்களில் அலிகேட்ஸ் இசைக்குழுப் பாடகர் டேவிட் ஆறுமுகத்தின் அந்தப் பெரிய சுருட்டை முடியைப் பார்த்து வாய் பிளக்காதவர் யார்? கேட்டுத்தான் பாருங்களேன்.

படிவம் 5:

அக்கா, எங்கள் வகுப்புப் பையன்கள் என்னைக் கேட்பது வேறு: “தமிழ்ப் பாட்டு உனக்குப் பத்தலையா?” அவர்கள் ஆங்கிலப் பாட்டு கேட்டால் மட்டும் தமிழ் அழியாது போல.

2025 டிசம்பரில் புக்கிட் ஜாலிலில் விஜய் பட இசை வெளியீட்டுக்கு எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து இரண்டு வேன் போனது. கத்திக் கத்தி அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அம்மா இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். பி.டி.எஸ். ஜின் ராணுவத்துக்குப் போன அன்று நான் அழுததற்கு வைத்த பெயர் ‘ஹிஸ்டீரியா’.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். போன வருடம் ஒரு பிறந்தநாள் காப்பிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஓர் ஆன்ட்டி நின்றார், சேலையில், ஊதா ரிப்பன் குத்தியிருந்தார். நானும் தோழியும் படம் எடுத்து எங்கள் குழுவில் போட்டுச் சிரித்தோம். உங்கள் பதிவைப் படித்துவிட்டு அந்தப் படத்தை அழித்தேன். அது நீங்களாக இருக்காதே?

பெர்ஜுந்தை தையல்காரி:

நான் இல்லை தங்கச்சி. நான் சேலை கட்டிப் பேருந்து ஏறும் ஆளில்லை.

லோரி அண்ணே, சொன்னது சரிதான். எங்கள் வீட்டிலும் இரண்டு தட்டு இருக்கிறது. மூன்றாவது கேட்டபோது பாவாடைக்கு ஓரம் அடிக்க விட்டேன், பத்து உருப்படிக்கு ஒரு தட்டு. ஏழாவதில் போதும் என்றுவிட்டாள்.

தாதி அக்கா, நேற்று இரவு அம்மா வெற்றிலை மடிக்கும்போது மெல்லப் பேச்சை எடுத்தேன். டேவிட் ஆறுமுகம் என்றதும் நிமிர்ந்து பார்க்காமலே, “டேவிட் இல்ல, லோகா. அவன் குரல்தான் குரல்” என்றார். டேவிட்டின் தம்பி, அதே குழுவில் பாடியவர். பினாங்குக்காரப் பிள்ளைகள், நம்ம பிள்ளைகள், மலாய்க்காரர்களே வாயடைத்துப் போகிற மாதிரி மலாய்ப் பாட்டு பாடினார்கள் என்று அரைமணி நேரம் ஓடியது. நாளிதழில் வந்த படங்களை மாவு டின்னில் வைத்திருந்தாராம். தாத்தா அடுப்பில் போட்டுவிட்டாராம். 2007-ல் லோகா இறந்த அன்றைக்கு இரவு அம்மா சாப்பிடாமல் படுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாயு என்று சொன்னார், நான் ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பொய் எங்கே வரும்? சொல்லிவிட்டேன். “சரி, அங்க உட்கார நாற்காலி இருக்குமா?” என்றார். மூன்று டிக்கெட்.

கடைக் கதவில் அட்டை தொங்குகிறது: ‘12-9 சனி கடை இல்லை. பிறந்தநாள் விழாவுக்குப் போகிறேன்.’ யார் பிறந்தநாள் என்று இதுவரை இரண்டு பேர் கேட்டார்கள், சொன்னேன். ஓர் அம்மா, “கலிகாலம்” என்றார். இன்னொருத்தி தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணி வீட்டு மருமகள், இரண்டு பிள்ளைக்காரி. கை அளவு எடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, “அக்கா, எனக்கு ஜிமின்” என்றாள்.

மஸ்ஜித் இந்தியாவுக்கும் போவோம். கழுத்துக்கு வைக்கிற பைப்பிங் துணி நிஜமாகவே தீர்ந்துவிட்டது.