எல்லை தாண்டினால் உள்ளே வைப்பார்கள்: ஒரு கலைச்சொல் தேடல்

ஐயா, வணக்கம்.

இரு நாட்டு எல்லையோர ஊர்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுச்சேவையை ஆங்கிலத்தில் cross-border public service என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த “எல்லை தாண்டிய பொதுச்சேவை” என்ற சொல்லைக் காசிமேட்டில் படகு ஓட்டும் என் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். “எல்லை தாண்டினா புடிச்சி உள்ள வெப்பாங்க, இதுல எங்கக்கா சேவை?” என்றான். சிரித்துவிட்டேன், ஆனால் அவன் சொல்வது சரிதான். ‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கைது’, ‘எல்லை தாண்டிய பயங்கரவாதம்’ என்றே நாளிதழில் படித்துப் பழகிய நமக்கு, அந்த வினையில் குற்றவாடை அடிக்கிறது.

இன்னொரு சிக்கல், பல இடங்களில் சேவை எதையும் தாண்டுவதே இல்லை. பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ஸ்பெயின் ஊரான புய்சர்தாவில் 2014இல் திறந்த செர்தான்யா மருத்துவமனையைப் பாருங்கள். அது இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. பிரெஞ்சுப் பக்கத்து மலையூர்க்காரர்கள் முன்பு பெரிய வைத்தியத்துக்குப் பெர்பின்யான் நகரம் வரை இறங்க வேண்டும். இப்போது இருபக்கத்தாரும் அங்கேயே பார்த்துக்கொள்கிறார்கள். செலவில் பங்கு ஸ்பெயினின் கட்டலோனியா வட்டாரத்துக்கு 60 விழுக்காடு, பிரான்சுக்கு 40. அதாவது இங்கே கரு தாண்டல் அல்ல, கூட்டு.

கூட்டு என்றால் சுரைக்காய்தானே என்று கேட்காதீர்கள். பல ஊர்களுக்குச் சேர்த்துக் குழாய் போடுவதைக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று நம் அரசாணைகளே சொல்கின்றன. அந்தப் பழக்கத்தை ஒட்டி என் பரிந்துரை: எல்லையூர்க் கூட்டுச்சேவை.

தண்டையார்பேட்டையிலிருந்து

மறுமொழி:

அம்மா, உங்கள் தம்பிக்கு என் வணக்கம். ஆனால் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து ரைன் நதியைக் கடந்து ஜெர்மனியின் கேல் ஊருக்கு 2017 முதல் டிராம் ஓடுகிறதே, அது எல்லை தாண்டத்தானே செய்கிறது? சுருக்கமாக ‘இருநாட்டுச் சேவை’ என்றால் போதாதா?

மறுமொழி:

ஐயா, டிராம் தாண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் கூட்டு பொருந்தும், தாண்டல் மருத்துவமனைக்குப் பொருந்தாது. ‘இருநாட்டு’ என்றதும் தலைநகரங்களில் அமைச்சர்கள் கைகுலுக்கும் படம் கண்முன் வருகிறது. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து நம் பூண்டி ஏரிக்கு வரும் கிருஷ்ணா நீர் அந்த மாதிரிதான், நாடுகளுக்குப் பதில் மாநிலங்கள். 1983இல் அரசுகள் ஒப்பந்தம் போட்டன, தண்ணீர் வந்தால் புழல் ஏரி நிறைகிறது. ஊத்துக்கோட்டைக்காரரும் அந்தப் பக்கத்து ஆந்திர ஊர்க்காரரும் கலந்து நடத்துவது அல்ல அது. நமக்கு வேண்டிய சொல்லில் ஊர் இருக்க வேண்டும். போலந்தின் ஸ்வுபிட்சேவும் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டும் (ஓடர் ஆற்றங்கரையில் இருப்பது, விமான நிலையப் பிராங்க்பர்ட் அல்ல) 2012 முதல் தங்களுக்கிடையே நகரப் பேருந்து விடுகின்றன. எல்லையில் இருக்கும் இரண்டு ஊர்கள் தங்களுக்குள் பேசி முடித்த வேலை.

நீளம்தான் இடிக்கிறது. அட்டவணைத் தலைப்பில் ‘எல்லைக் கூட்டுச்சேவை’ என்று ஊரை விட்டுவிடலாமா? எனக்கு மனசில்லை. எல்லைப் பாதுகாப்புப் படையின் ஏதோ பிரிவு மாதிரி இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?