மறு: அகலக்கோணக் கேமரா – சிதைவா, திரிபா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆக்‌ஷன் கேமராவின் கோணல் படங்களைப் பற்றி, அதாவது வில்லை (லென்ஸ்) நேர்கோட்டை வளைத்துக் காட்டும் 'distortion'-க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று, இதுவரை வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

> நேர்கோடு வளைந்து விழுவதை 'உருச்சிதைவு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சிதைந்தது திரும்பக் கிடைக்காது. இந்த வில்லைகளில் நடப்பது அதுவல்ல. மையத்தை விட்டு விலக விலக உருப்பெருக்கம் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் ஓரத்தில் இருக்கும் கதவுநிலை வெளிப்பக்கம் புடைத்துத் தெரிகிறது. புள்ளிகள் தொலையவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. எவ்வளவு மாறின என்பதற்குக் கணக்கு உண்டு. அதைத் திருப்பிப் போட்டால் கோடு நேராகிவிடும். கோப்ரோ நிறுவனத்தின் கேமராக்களில் 'லீனியர்' என்று இருக்கும் அமைப்பு செய்வது இதைத்தான்.

படத்தின் மூலை மங்குவது வேறு சங்கதி. அங்கே ஒரு புள்ளியின் ஒளி பக்கத்துப் புள்ளிகளோடு கலந்துவிட்டது. எந்தக் கணக்காலும் அதை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது.

இந்த வேறுபாட்டுக்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. இரண்டு சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவதை, அதாவது விகாரப் புணர்ச்சியை, நன்னூல் மூன்றாகப் பிரிக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது 'ன்' இருந்த இடத்தில் 'ற்' நிற்கிறது, பார்த்ததும் பிரித்துவிடலாம். மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது 'ம்' கெட்டே போகிறது. கோடு வளைவது திரிதல், மூலை மங்குவது கெடுதல். என் வாக்கு 'வில்லைத் திரிபு'க்கே.

> திரிந்த பால் மறுபடி பாலாகுமா?

நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். பேச்சில் அந்தப் பொருள் வலுவாகவே இருக்கிறது. ஆனால் நம் சொல் தனியாக நிற்கப் போவதில்லை, கூட்டுச்சொல்லாகத்தான் வரும். வில்லைத் திரிபு என்னும்போது பால் நினைவுக்கு வராது.

> வகைகளுக்குப் பீப்பாய்த் திரிபு, ஊசித்திண்டுத் திரிபு.

பீப்பாயாவது தெரிந்த பொருள். தையல் ஊசிகளைக் குத்திவைக்கும் ஊசித்திண்டைப் பார்த்தவர் எத்தனை பேர்? பொருளின் பெயரை விட்டுவிட்டு, கோடு என்ன செய்கிறது என்பதை வைத்துப் பெயரிடலாம்: வெளியே புடைத்தால் புடைதிரிபு, உள்ளே குழிந்தால் குழிதிரிபு. இரண்டும் வினைத்தொகை, ஆகவே ஊறுகாய் மாதிரி நடுவில் ஒற்று மிகாது. இரண்டும் கலந்து, கோடு நடுவில் ஒரு பக்கமும் ஓரங்களில் மறுபக்கமும் வளைவதற்கு 'மீசைத் திரிபு' என்று எழுதியிருந்தவருக்கு என் பாராட்டு. முறுக்கு மீசை அப்படியே கண்முன் வருகிறது. அதை மாற்ற வேண்டாம்.

> மீன்கண் வில்லையைவிடக் 'கயற்கண் வில்லை' அழகு.

அழகுதான், ஆனால் பொருள் மாறிவிடும். கயற்கண் என்றால் மீனைப் போன்ற வடிவுடைய கண். இங்கே வேண்டியது மீன் காணும் காட்சி. 1906இல் ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் 'fish-eye' என்ற இந்தப் பெயரை எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது, நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீன். ஒளிவிலகலால் மேலுள்ள வானம் முழுவதும் ஏறக்குறைய 97 பாகைக் கூம்புக்குள் அடங்கி அதற்குத் தெரியும். ஆகவே மீன்கண்ணே இருக்கட்டும்.

கடைசியாக, யாரும் தொடாத ஒன்று. படத்தை நேராக்கிய பிறகு ஓரத்தில் நிற்பவரின் தலை இழுபட்டுத் தெரிகிறதே, அதற்கு என்ன பெயர்? மையத்திலிருந்து 60 பாகை விலகிய இடத்தில், மையத்தோடு ஒப்பிட்டால், உருவம் ஆரத்திசையில் (மையத்திலிருந்து வெளிநோக்கி) 4 மடங்கும் குறுக்கே 2 மடங்கும் நீள்கிறது. கொஞ்சம் பிக்சல்களை நிறைய இடத்தில் பரப்புவதால் அங்கே கூர்மையும் போய்விடுகிறது. ஆனால் இது வில்லையின் குற்றம் இல்லை. வில்லையே இல்லாத ஊசித்துளைக் கேமராவில் தட்டையான படச்சுருள் வைத்து எடுத்தாலும் தலை இப்படித்தான் நீளும். ஆகவே இதைத் திரிபு என்று சொல்லக்கூடாது. இப்போதைக்கு 'ஓர இழுவை' என்று குறித்து வைத்திருக்கிறேன். எனக்கே முழுத் திருப்தி இல்லை; இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.