புகைபோக்கியில இருந்து கல் விழுது, அவசரம் (ஸ்காபரோ, கனடா)

புதுவரவு:
எல்லாருக்கும் வணக்கம். வீடு வாங்கிக் குடிவந்து மூண்டு மாதம். நேற்றுக் காலமை முற்றத்துப் பனிக்குள்ள செங்கல் சில்லுகள் கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் புகைபோக்கி மூலைக்கல் ரெண்டுக்கு முன்பக்கம் கழண்டு போயிருக்கு, உச்சிச் சீமெந்தும் வெடிச்சிருக்கு. கீழ பிள்ளையள் விளையாடுற இடம். திருத்த எவ்வளவு காசு முடியும்? நானே பூசலாமோ? கெதியா சொல்லுங்கோ.

வடலி:
வாங்க முதல் வீட்டைப் பார்த்த பரிசோதகர் கூரைக்கு ஏறினவரோ? கன பேர் நிலத்தில நிண்டு பார்த்துத்தான் எழுதுறவை. ஏறினாரோ இல்லையோ எண்டு அறிக்கையிலயே இருக்கும். இனி வாங்கப்போறவை புகைபோக்கிக்குத் தனியா ஒரு ஆளைப் பிடியுங்கோ.

சாந்தகப்பை:
தம்பி, நீங்களே பூசலாம். டைப் எஸ் எண்ட சீமெந்துக் கலவை ஒரு பை போதும், அதுதான் இறுக்கம். அதுவரைக்கும் உச்சியைத் தறப்பாளால மூடிக் கட்டுங்கோ.

கல்லுவேலை:
தறப்பாள் கட்டவே வேண்டாம்! அதுக்குள்ளால எரிவாயுப் புகை போகுதெண்டால் கார்பன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயு வீட்டுக்குள்ள திரும்பும். தம்பி, வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸின்ர புகை எங்கால போகுது? சுடுதண்ணித் தாங்கி என்ன வகை? வீடு எத்தினையாம் ஆண்டு கட்டினது? இது தெரியாமல் கலவையைப் பற்றிக் கதைச்சுப் பிரயோசனமில்லை.

வடலி:
பனி உருகினவுடன திருத்துவேலைக்காரர் கதவைத் தட்ட வருவினம், "உங்கட கூரையில பிழை தெரியுது" எண்டு. புது ஆக்களெண்டு கண்டால் விலையும் ஏறும். விலையை எழுத்தில கேட்டால் முகத்தைச் சுழிப்பினம்.

சாந்தகப்பை:
உண்மைதான். அரைநாள் வேலைக்கு ஒரு கிழமைக் காசு கேக்கினம். முற்பணத்தோட காணாமல் போறவையும் இருக்கினம்.

அக்காச்சி:
புதுவரவு, வீட்டில வைச்சு ஒப்பந்தம் எழுதினால், 50 டொலருக்கு மேலயெண்டால், எழுத்துப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஒன்ராறியோச் சட்டம் அது. சரி, கல்லுவேலை கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ.

புதுவரவு:
1956ஆம் ஆண்டு வீடு. ஃபர்னஸ் புதுசு, வெள்ளைக் குழாய் பக்கச் சுவரால வெளிய போகுது. தாங்கி எரிவாயுவில ஓடுது, அதின்ர தகரக் குழாய் புகைபோக்கிக்குள்ள போகுது.

கல்லுவேலை:
நோய் அங்கதான். முந்தி ஃபர்னஸும் தாங்கியும் சேர்ந்து அந்தப் பெரிய துவாரத்தைச் சூடாக்கி வைச்சது. இப்ப தாங்கியின்ர கொஞ்சப் புகை உள்ளுக்கேயே குளிர்ந்து தண்ணியாகிக் கல்லுக்குள்ள ஊறுது. வெடிச்ச உச்சியாலயும் தண்ணி இறங்குது. உறையிற தண்ணி 9 வீதம் விரியும், கல்லின்ர முகத்தைத் தள்ளி விழுத்தும். வெளிய எவ்வளவு பூசினாலும் நிக்காது.

இண்டைக்கே செய்ய வேண்டியது: பிள்ளையளை அந்தப் பக்கம் விடாதேங்கோ. பேஸ்மென்டில புகைபோக்கி அடியில சின்ன இரும்புக் கதவு இருக்கும், திறந்து பாருங்கோ. கல்லும் புகைபோக்கி உள்பக்கத்துக் களிமண் ஓட்டுத்துண்டும் குவிஞ்சிருந்தால் வழி அடைபடுது. தாங்கி எரியத் தொடங்கி 5 நிமிசத்துக்குப் பிறகு, அதின்ர உச்சியில உள்ள திறந்த வாய்க்குப் பக்கத்தில ஊதுபத்தி பிடியுங்கோ. புகை உள்ள இழுபட வேணும். வெளிய தள்ளினால் தாங்கியை நிப்பாட்டிப் போட்டு உரிமம் உள்ள எரிவாயுத் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கோ. கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி அடிச்சால் எல்லாரும் வெளிய வந்து 911ஐக் கூப்பிடுங்கோ.

முதல் வேலை தாங்கிக்கு அளவான உலோகக் குழாயை உள்ளுக்குள்ள இறக்கிறது. கல்லு வேலை பிறகு, இரவிலயும் 5 பாகைக்கு மேல நிக்கிற காலத்தில.

சாந்தகப்பை:
அப்ப டைப் எஸ் ஏன் கூடாது?

கல்லுவேலை:
கலவை கல்லை விட இறுகினால் ஈரம் கல்லுகளுக்கு இடையில உள்ள மூட்டால வெளியேறாது, கல்லின்ர முகத்தாலதான் வரும், அது உதிரும். அதைவிட மென்மையான டைப் என் காணும்: சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6. பழைய மூட்டை 20–25 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசி தட்டி, நனைச்சு, 6 மில்லிமீற்றர் படையாக அடையுங்கோ. முகம் போன கல்லுக்கு மேல பூசாமல் கல்லையே மாத்துங்கோ. மேல் வரிசையில பாதிக்குமேல போயிருந்தால் கூரை மட்டம் வரைக்கும் இறக்கித் திருப்பிக் கட்டுறதுதான் சரி.

உச்சிக்குக் கலவை வேண்டாம், கொங்கிறீட். ஓரத்தில 50 மில்லிமீற்றர் தடிப்பு, கல்லுக்கு வெளிய 50 நீட்டு, அடியில தண்ணி சொட்டுறதுக்கு ஒரு பள்ளம். உள் குழாயைச் சுத்தி இடைவெளி விட்டு நெகிழ்ற அடைப்பான் போட வேணும். சூட்டில குழாய் விரியும், ஒட்டிக்கொண்டு நிண்டால் கொங்கிறீட் திரும்ப வெடிக்கும்.

புதுவரவு:
இரும்புக் கதவைத் திறந்தன் அண்ணா. அரை வாளி ஓட்டுத்துண்டு, எல்லாம் ஈரம். ஊதுபத்திப் புகை வெளியதான் வந்தது. தாங்கியை நிப்பாட்டிப் போட்டன், நாளைக்கு ஆள் வருகுது.

கல்லுவேலை:
நல்லது. வாறவரிட்ட உரிம அட்டையைக் கேட்டுப் பாருங்கோ. மூலைக்கல் ரெண்டும் விழ முதல் மேசனைக் கொண்டு கழட்டி எடுப்பியுங்கோ, புதுக்கல் அளவு பார்க்கவும் அது உதவும்.