வேலிங்பி: ஜெயித்த ஊரா, தூங்குகிற ஊரா?

பனிக்குல்லா:
ஸ்டாக்ஹோமின் மேற்கு ஓரத்தில் உள்ள வேலிங்பியை, புறநகர் என்றால் இதுதான் என்று எல்லோரும் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 'ஏபிசி நகரம்' என்று சொல்லித்தான் கட்டினார்கள். ஸ்வீடிஷில் ஏ என்றால் வேலை, பி வீடு, சி மையம். குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு உள்ளூரிலேயே வேலை என்பது கணக்கு. நடந்தது அதற்கு வெகு கீழே. மற்றவர்கள் காலையில் ரயிலேறி நகரத்துக்குள் போனார்கள். அப்புறம் என்ன, இதுவும் தூங்க மட்டும் வருகிற ஊர்தான்.

மூன்றாம்_பிளாட்பாரம்:
அந்த ரயில் எப்போது வந்தது என்று பாருங்கள் நண்பரே. மெட்ரோ 1952 அக்டோபரில். மையம் திறந்தது 1954 நவம்பரில். கடைக்கு முன்னால் ரயில்! தண்டவாளத்துக்கு மேலேயே மையத்தைக் கட்டினார்கள். ரயிலை விட்டு மேலே வந்தால் வட்ட வட்டமாகக் கல் பாவிய சதுக்கம். நிலையத்தை ஒட்டி உயர்ந்த அடுக்ககங்கள், தள்ளித் தள்ளிப் போகப் போகத் தாழ்ந்த வரிசை வீடுகள். நகரத் திட்ட இயக்குநர் ஸ்வென் மார்கேலியுஸ் போட்ட கணக்கில் இது தவறவில்லையே.

பனிக்குல்லா:
அழகு சரி, நான் கேட்டது வேலை. மின் நிறுவனமான வாட்டன்ஃபால் பக்கத்து ரோக்ஸ்டாவில் தலைமையகம் வைத்திருந்தது. அதுவும் சொல்னாவுக்குப் போய்விட்டது. அந்த அலுவலகக் கட்டடத்தில் இப்போது வீடுகள். ஏ போய் பி ஆகிவிட்டது!

மழைக்கோட்டு:
நான் அங்கே மூன்று வருஷம் வாடகைக்கு இருந்தவள். அடித்தளத்தில் பொதுச் சலவை அறை. சுவரில் நாளும் நேரமும் குறித்த பலகை. வேண்டிய நேரத்துக்கான துளையில் நம் பூட்டைச் செருக வேண்டும். ஞாயிறு மாலையை எப்போதும் மூன்றாம் மாடிப் பாட்டி பிடித்துவிடுவார். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுதான் அக்கம்பக்கத்தோடு பேசிப் பழகினேன். தூங்க மட்டும் வருகிற ஊரில் இது நடக்குமா? எனக்கு இருக்கும் ஒரே குறை, 2008இல் எழுப்பிய அந்தச் சிவப்புக் கண்ணாடிக் கட்டடம். ஐம்பதுகளின் அடக்கத்துக்கு நடுவில் அது கண்ணை உறுத்துகிறது.

மூன்றாம்_பிளாட்பாரம்:
ஓலோஃப் பால்மே பிரதமராக இருந்தபோதும் வேலிங்பி வரிசை வீட்டில்தான் குடியிருந்தார். அவருக்கும் வேலை நகரத்துக்குள்தான். அதற்காக ஊரைக் குறை சொல்வீர்களா?

பனிக்குல்லா:
பிரதமர் வேலை நாட்டுக்கே ஒன்றுதான் ஐயா. நான் கேட்டது மற்றவர்களுக்கு.