புதுமைப் பெண் பணம் வரவில்லை, அவசரம்

செல்வி_தேனி: கல்லூரிப் பெண்களுக்கு அரசு மாதாமாதம் தரும் புதுமைப் பெண் திட்டப் பணம் 1,000 ரூபாய் தங்கைக்கு மூன்று மாதமாக வரவில்லை. கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் வந்துவிட்டது. ஆதார் இணைத்தாயிற்று. விடுதியில் மெஸ் பணம் கேட்கிறார்கள். என்ன செய்வது?

குமரன்: எந்த வருடம் படிக்கிறாள்? எந்தப் பள்ளியில் படித்தாள்? கல்லூரியில் விண்ணப்பம் ஏற்றுவிட்டார்களா?

டீச்சர்அம்மா: எமிஸ் எண்ணில்தான், அதாவது பள்ளியில் கொடுத்த மாணவர் பதிவு எண்ணில்தான் சிக்கல் இருக்கும். என் மாணவி ஒருத்திக்கு இனிஷியல் மாறியதால் நின்றுபோனது. முதலில் பள்ளிக்குப் போங்கள்.

செல்வி_தேனி: பி.காம் முதல் வருடம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை உதவி பெறும் பள்ளி, தமிழ்வழி. விண்ணப்பம் ஏற்றாயிற்று என்று கல்லூரியில் சொன்னார்கள்.

பாண்டி: அப்படியானால் கிடைக்காதே. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

மூத்தவர்_ராஜா: தெரியாமல் பதில் போடாதீர்கள் பாண்டி. 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அப்படி. 2024 டிசம்பர் கடைசியில் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களையும் சேர்த்துவிட்டார்கள். செல்வி, 'ஆதார் இணைத்தாயிற்று' என்று சொன்னால் போதாதம்மா. வங்கியில் அடையாளத்துக்கு ஆதார் கொடுப்பது வேறு, உதவித்தொகை வருவதற்காகச் சேர்ப்பது வேறு. இதையே எத்தனை தடவை எழுதுவது? பணம், ஆதாரோடு அப்படிச் சேர்ந்திருக்கும் வங்கிக்குத்தான் போகும். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு எந்த வங்கி என்று பாருங்கள்.

பாண்டி: சரி ஐயா. ஆனாலும் இதற்காகத் தாலிக்குத் தங்கம் திட்டத்தை நிறுத்தியிருக்கக் கூடாது. பட்டம் படித்த பெண்ணுக்கு 8 கிராம் தங்கமும் 50,000 ரூபாயும் கிடைத்தது. மாதம் 1,000 எந்த மூலைக்கு?

டீச்சர்அம்மா: அது கல்யாணத்துக்கு. இது படிக்கும்போதே கைக்கு வருகிறது. செமஸ்டர் நடுவில் நோட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் காசில்லாமல் நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பாண்டி: கல்யாணக் கடனில் மூழ்கிய அப்பாக்களை நானும் பார்த்திருக்கிறேன் டீச்சர்.

குமரன்: இரண்டு பேரும் அப்புறம் பேசுங்கள். செல்வி, பார்த்தீர்களா?

செல்வி_தேனி: பார்த்தேன். ஒன்பதாவதில் ஸ்காலர்ஷிப்புக்காகப் பழைய கணக்கு தொடங்கிய வங்கியைக் காட்டியது. பாஸ்புத்தகம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்தது. பதிவு போட்டால் 1,000, 1,000, 1,000 என்று மூன்று வரி. அந்தக் கணக்கில் கொடுத்திருந்தது அப்பாவின் போன் எண். அவர் இறந்த பிறகு அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை, அதனால் மெசேஜ் எதுவும் தெரியவில்லை. மெஸ் பணம் கட்டியாயிற்று. ராஜா ஐயாவுக்கும் எல்லோருக்கும் நன்றி.