‘டிக்கி பேர்ட்’, ‘ஷ்டும்’: தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி:
லண்டனில் நடக்கும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குத் தமிழில் வசன வரிகள் எழுதிவருகிறேன். வீட்டை விட்டுப் போன மகனைப் பற்றித் தாய் ஒருத்தி “நாட் எ டிக்கி பேர்ட்” என்கிறாள். வேறொரு காட்சியில் அண்ணன் தம்பியிடம் “கீப் ஷ்டும்” என்கிறான். இரண்டும் பேசாமலிருப்பதையே குறிக்கின்றன என்றாலும், இரண்டிடத்திலும் “மௌனம்” என்று எழுதினால் பாத்திரங்களின் குரல் செத்துவிடுகிறது. வழக்கறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். முன்னது கிழக்கு லண்டனின் காக்னி வழக்கு. சொல்லைக் குறிக்கும் ‘வேர்ட்’ என்பதோடு ‘பேர்ட்’ இயைபாக ஒலிப்பதால், குழந்தைகள் குருவியைச் சொல்லும் ‘டிக்கி பேர்ட்’ அதன் இடத்தில் வந்து நிற்கிறது. வரவேண்டிய சொல் வரவில்லை என்ற மனக்குறை அதில் உண்டு. ‘ஷ்டும்’ என்பதோ யூதர்களின் யித்திஷ் மொழி வழியாக வந்தது. ஜெர்மன் மொழியிலும் அதற்கு ஊமை என்றே பொருள். தெரிந்ததை வெளியே விடாதே என்னும் எச்சரிக்கை அது. தம்பிக்கு “மூச்சு விடாதே” என்றும், தாய்க்கு “அவனிடமிருந்து பேச்சுமூச்சே இல்லை” என்றும் எழுதலாம்.

மறுமொழி 2:
“மூச்சு விடாதே” மிகப் பொருத்தம். ஆனால் மகனைக் காணாது தவிக்கும் தாய் “பேச்சுமூச்சே இல்லை” என்றால், அவன் எங்கோ மயங்கிக் கிடக்கிறான் என்று பார்வையாளர் பதறக்கூடும். “போனவன் போனவன்தான், ஒரு வார்த்தை இல்லை” என்பதே அவள் வாயில் இயல்பாக வரும்.

தொடரில் “கீப் மம்” வந்தால் அதையும் கவனியுங்கள். மூடிய உதடுகளுக்குள் எழும் ஒலியே அந்த ‘மம்’. ஆங்கிலேயர் அம்மாவை அழைக்கும் ‘மம்’ என்ற சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு, ரகசியம் காக்கச் சொல்லும் சுவரொட்டியில் “பி லைக் டாட், கீப் மம்” என்று அச்சிட்டது. வாயை மூடு என்பதும், அப்பாவைப்போல அம்மாவைப் பராமரி என்பதும் ஒருசேர ஒலித்த அந்தச் சிலேடை பெண்களை அவமதிப்பதாக நாடாளுமன்ற உறுப்பினர் எடித் சம்மர்ஸ்கில் அவையிலேயே ஆட்சேபித்தார். அவர் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அச்சிலேடையைத் தமிழில் கொண்டுவர முயலாதீர்கள். பொருளை மட்டும் தந்தால் போதும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தாயின் வசனத்தை இரண்டாம் மறுமொழியின்படியே மாற்றிவிட்டேன். “கீப் மம்” ஏழாம் பகுதியில் வருகிறது. அங்கே பேசுபவள் பாட்டி என்பதால் “வாயைத் திறக்காதேடா” என்று எழுதியிருக்கிறேன்.